குளிரிலும் சூட்டிலும் உதறிய எஞ்சின்: ஒரு பழைய காரின் மிஸ்ஃபயர் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஒரு பெட்ரோல் கார், நின்ற இடத்தில் உதறுகிறது என்ற புகாருடன் பரிசோதனைக்கு வந்தது. 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். ஒற்றைக் கேம் ஷாஃப்ட். வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே விடப்படும் டாப்பெட் இடைவெளியைத் திருகாணியும் லாக் நட்டும் கொண்டு சரிசெய்யும் அமைப்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தெளிக்கும் தனி இன்ஜெக்டர் உண்டு. இரண்டிரண்டு சிலிண்டர்களுக்கு, ஸ்பார்க் பிளக்கில் பொறி எழுப்பும் மின்னழுத்தத்தைத் தரும் ஒரு இக்னிஷன் காயில் என்ற முறையில், ஒன்றும் நான்கும் ஒரு காயிலிலும், இரண்டும் மூன்றும் மற்றொன்றிலும் இணைந்திருந்தன. உள்ளே இழுக்கப்படும் காற்றை ஏர் ஃபில்டருக்கு அடுத்துள்ள மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் அளக்கிறது. பின்னால் வரும் வாதங்கள் எல்லாம் இந்த அமைப்பைச் சார்ந்தவை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

உரிமையாளர் தம் காரைக் கூர்ந்து கவனிப்பவர். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் உதறல் கடுமையாக இருக்கிறது என்றும், சில நிமிடங்களில் அது ஓரளவு அடங்குகிறது என்றும், ஆனால் நீண்ட நேரம் ஓட்டிவிட்டு நெரிசலில் நிற்கும்போது மறுபடியும் ஸ்டீயரிங் வரை அதிர்வு தெரிகிறது என்றும் அவர் சொன்னார். ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. மேடு ஏறுவதிலும் முந்திச் செல்வதிலும் இழுவை குறையவில்லை. செக் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இந்த வருணனையே இந்த நிகழ்வின் மிக மதிப்புள்ள சான்று என்று கருதுகிறேன். குளிரில் மோசமாக இருந்து சூட்டில் சரியாகிவிடும் கோளாறுகள் பல உண்டு. சூடேறிய பிறகே தலைகாட்டும் கோளாறுகளும் உண்டு. குளிரில் வந்து, இடையில் தணிந்து, நல்ல சூட்டில் திரும்பவும் வருவது ஒரே கோளாறின் நடத்தையாக இருப்பது அரிது. இரண்டு வேறு காரணங்கள் ஒரே அறிகுறியைத் தரக்கூடும் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

இங்கே வருவதற்கு முன்பு வேறொரு பட்டறையில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் இரண்டு காயில்களும் மாற்றப்பட்டு, த்ராட்டில் பாடியும் சுத்தம் செய்யப்பட்டிருந்தது. உதறல் மாறவில்லை. பிளக்குகள் எப்படியும் மாற்ற வேண்டிய வயதை அடைந்தவை என்பதால் அந்தச் செலவில் குறை காண முடியாது. காயில்களை மாற்றுவதற்கு முன் எந்த அளவீடும் எடுக்கப்படவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. ஏனெனில் அவற்றைச் சந்தேகிக்க இடமில்லை என்பதைக் கோளாறுக் குறியீடே சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்கேனரில் கிடைத்தவை

எஞ்சினை நிர்வகிக்கும் கணினியான கண்ட்ரோல் யூனிட்டில் இரண்டு குறியீடுகள் பதிவாகியிருந்தன. பி0171 என்பது கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருப்பதைக் குறிக்கிறது; பி0303 என்பது மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது கலவை எரியாமல் தவறுவது, நிகழ்வதைக் குறிக்கிறது. ஃப்ரீஸ் ஃபிரேம் எனப்படும், கோளாறு பதிவான கணத்தின் நிலவரம் பி0303-க்கு உரியதாக இருந்தது: எஞ்சின் வேகம் 760 ஆர்.பி.எம்., கூலன்ட் வெப்பநிலை 91 டிகிரி, வண்டியின் வேகம் சுழியம். அதாவது, நன்கு சூடேறிய எஞ்சின், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வெறுமனே ஓடும் ஐடிலிங்கில் இருந்தபோது பதிவானது. காலைநேரக் கடும் உதறலை முதன்மைப் புகாராகச் சொன்ன உரிமையாளரின் கூற்றோடு இது பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமை கவனிக்கத் தக்கது.

கண்ட்ரோல் யூனிட் மிஸ்ஃபயரை நேரடியாகப் பார்ப்பதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் சென்சாருக்கு எதிரே சுழலும் பல்சக்கரத்தின் பற்கள் கடக்கும் நேரத்தை அளந்து, எந்தச் சிலிண்டரின் உந்துதலுக்குரிய நேரத்தில் சுழற்சி தளர்கிறது என்று கணக்கிட்டு, அந்தச் சிலிண்டரின் பெயரில் எண்ணிக்கையை ஏற்றுகிறது. 760 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 380 முறை எரிய வேண்டும். அவற்றுள் சில தவறினாலும் கை அதை உணரும். எண்ணிக்கையில் அது தெளிவாகவே தெரியும். இங்கே எண்ணிக்கை மூன்றாம் சிலிண்டரில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அதிர்வுக்கு எஞ்சின் மவுண்ட் காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் இதனாலேயே நீங்கியது. மவுண்ட் பழுதானால் கார் அதிரும், ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சி ஒரு சிலிண்டரின் முறையில் மட்டும் தளராது.

மூன்றாம் சிலிண்டரில் நெருப்பும் பெட்ரோலும்

இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் ஒரே காயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. காயிலின் உயர் மின்னழுத்தச் சுற்று இரண்டு பிளக்குகளின் வழியாகவும் தொடராகச் செல்வதால், காயில் தளர்ந்தால் பொதுவாக இரண்டு சிலிண்டர்களும் தடுமாறும். மூன்று மட்டும் தவறி இரண்டு ஒழுங்காக எரிகிறது என்றால், சந்தேகம் காயிலின் மீது அல்லாமல் மூன்றாம் பிளக்கின் மீதோ, அதன் ஒயர் மீதோ, இக்னிஷனுக்கு வெளியேயுள்ள ஏதோ ஒன்றின் மீதோதான் விழ வேண்டும். மூன்றாம் பிளக்கை ஒன்றாம் சிலிண்டருக்கும் ஒன்றாம் பிளக்கை மூன்றுக்கும் மாற்றிப் பொருத்தி, ஒயர்களையும் நீளம் அனுமதித்த அளவில் இடம் மாற்றிப் பார்த்தபோது, மிஸ்ஃபயர் எண்ணிக்கை மூன்றிலேயே நின்றது. பிளக்கின் பீங்கானில் மின்சாரம் வழுக்கி ஓடிய கருங்கோடு எதுவும் இல்லை. இருட்டில் ஒயர்களின் மேல் நீரைத் தூவிப் பார்த்தபோதும் பொறி வெளியே பாயவில்லை. இத்துடன் இக்னிஷன் தரப்பு முடிந்தது.

எந்தச் சிலிண்டர் எவ்வளவு உழைக்கிறது என்பதை அறிய, ஐடிலிங்கில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வேகம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கப்பட்டது. ஐடிலிங்கைக் காக்கும் கட்டுப்பாடு உடனே ஈடுசெய்யத் தொடங்கிவிடும் என்பதால், கழற்றிய அந்தக் கணத்தின் சரிவைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். மற்ற மூன்றிலும் வேகம் நன்றாக இறங்கியது. மூன்றாம் சிலிண்டரில் மாற்றம் மிகச் சிறிதாகவே இருந்தது. பிளக் ஒயரைப் பிடுங்கிச் செய்யும் பழைய முறையைத் தவிர்ப்பது நல்லது. போக வழியற்ற உயர் மின்னழுத்தம் காயிலின் காப்பைச் சிதைக்கக்கூடும். எரியாத பெட்ரோல், எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருகவைக்கவும் கூடும்.

இன்ஜெக்டர்களின் மின்தடை நான்கிலும் 14 ஓமை ஒட்டியே இருந்தது; துடிப்பொலியும் ஒரே சீராகக் கேட்டது; பெட்ரோல் அழுத்தம் 3 பாரில் அசையாமல் நின்றது. மூன்றாம் இன்ஜெக்டரை நான்காம் இடத்துக்கு மாற்றியபோதும் மிஸ்ஃபயர் இடம்பெயரவில்லை.

காற்று எங்கிருந்து வருகிறது

கலவை மெலிவுக்கு வருவோம். ஆக்சிஜன் சென்சார் தரும் தகவலைக் கொண்டு கண்ட்ரோல் யூனிட் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செய்யும் திருத்தத்தை ஃப்யூயல் ட்ரிம் என்கிறோம். இந்தக் காரில் சூடான ஐடிலிங்கில் நெடுங்கால ட்ரிம் கூட்டல் 17 சதவீதமும், குறுங்கால ட்ரிம் கூட்டல் 6 முதல் 9 சதவீதமுமாக இருந்தன. 2,500 ஆர்.பி.எம்.மில் இரண்டும் சேர்ந்தே 4 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. ஐடிலிங்கில் உயர்ந்து, வேகம் கூடும்போது இறங்கும் ட்ரிம், அளக்கப்படாத காற்று விரிசல் வழியே உள்ளே நுழையும் வேக்குவம் லீக்கின் அடையாளம் என்பது பட்டறைகளில் பரவலாக அறியப்பட்ட விதி. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு என்பதால், ஒரு விரிசல் வழியே நுழையும் காற்று அதில் பெரும் பங்காகிறது. 2,500-இல் மொத்தக் காற்று பல மடங்காகும்போது அதே விரிசலின் பங்கு சிறுத்துவிடுகிறது.

ஆனால் இந்த விதியை இங்கே அப்படியே பொருத்திவிட முடியாது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதில் இருந்த ஆக்சிஜன் முழுவதும் செலவாகாமல் எக்ஸாஸ்டுக்குப் போகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைக் காற்று மிகுதி என்றே படிக்கிறது. உடன்போகும் எரியாத பெட்ரோலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எனவே கண்ட்ரோல் யூனிட் நான்கு சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஐடிலிங்கில் மட்டும் நிகழும் மிஸ்ஃபயர், வேக்குவம் லீக்கைப் போலவே ஐடிலிங்கில் ட்ரிமை உயர்த்தி, வேகத்தில் இறக்கிவிடும். கலவை மெலிந்ததால் மிஸ்ஃபயர் வந்ததா, மிஸ்ஃபயர் வந்ததால் கலவை மெலிந்ததாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு ட்ரிம் எண்கள் மட்டும் விடை தர மாட்டா.

விடை வேறு இரண்டு அளவீடுகளில் கிடைத்தது. இந்தக் கொள்ளளவுள்ள எஞ்சின் சூடான ஐடிலிங்கில் விநாடிக்கு 2 கிராமை ஒட்டிய காற்றைக் காட்ட வேண்டிய இடத்தில், ஏர் ஃப்ளோ சென்சார் 1.3 கிராம் மட்டுமே காட்டியது. அதோடு, ஐடில் கட்டுப்பாட்டு வால்வு வழக்கத்தைவிட மிகவும் மூடிய நிலையில் இருந்தது. தனக்குத் தேவையான காற்றின் ஒரு பகுதி அளக்கப்படாத வழியில் வந்துகொண்டிருப்பதால்தான் எஞ்சின் முறையான வழியை மூடிக்கொள்கிறது. ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்குப் படிந்து குறைவாகக் காட்டுகிறதோ என்றால், அப்போது ட்ரிம் உயர் வேகத்தில் இறங்காமல் அப்படியே நிற்கவோ ஏறவோ செய்யும். இங்கே அப்படி இல்லை.

லீக் இருக்கும் இடத்தைத் தேட, இன்டேக் குழாயை அடைத்து, 0.1 பாருக்கும் குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்தப்பட்டது. சூடான எஞ்சினின் மேல் கார்ப் கிளீனரைத் தெளித்து வேகம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் பட்டால் தீப்பிடிக்கும் திரவம் அது, ஆகவே புகையையே பரிந்துரைப்பேன். புகை, இன்டேக் மேனிஃபோல்டின் அடிப்பக்கத்திலிருந்து கசிந்தது. கிராங்க் கேஸ் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிசிவி ஹோஸின் வளைவில், ஆயில் ஆவியில் ஊறிய ரப்பர், மேலிருந்து பார்த்தால் தெரியாத கீழ்ப்பக்கத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தது.

ஹோஸ் மாற்றப்பட்டதும் ஏர் ஃப்ளோ 1.9 கிராமுக்கு உயர்ந்தது. ஐடிலிங் ட்ரிம் இரண்டும் சேர்ந்து 5 சதவீதத்துக்குள் வந்தது. மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது உதறல் இல்லை. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாததால் எஞ்சினுக்குச் செறிந்த கலவை தேவைப்படுகிறது. ஆக்சிஜன் சென்சார் சூடாகும் வரை கண்ட்ரோல் யூனிட்டால் உடனுக்குடன் திருத்தம் செய்யவும் இயலாது. அந்த இடைவெளியில்தான் திருட்டுக் காற்று அதிகமாகத் தொல்லை கொடுத்திருக்கிறது.

எஞ்சியிருந்த குறை

இந்த இடத்தில் குறியீடுகளை அழித்துக் காரை ஒப்படைத்திருந்தால், உரிமையாளர் மகிழ்ச்சியோடுதான் போயிருப்பார். ஆனால் ஃப்ரீஸ் ஃபிரேம் சொன்ன 91 டிகிரிக்கும் குளிர்ந்த எஞ்சினின் உதறலுக்கும் தொடர்பில்லை. கார் நீண்ட தூரம் ஓட்டப்பட்டு, ரேடியேட்டர் விசிறி இயங்கும் அளவுக்குச் சூடேறிய நிலையில் ஐடிலிங்கில் நிறுத்தப்பட்டது. மூன்றாம் சிலிண்டரின் எண்ணிக்கை, முன்பைவிட மெதுவாக, ஆனால் விடாமல் ஏறியது. 1,500 ஆர்.பி.எம்.முக்கு உயர்த்தியதும் நின்றுவிட்டது.

நெருப்பும் பெட்ரோலும் காற்றும் சரியாக இருக்கும்போது மிச்சமிருப்பது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை அழுத்தும் அழுத்தம், ஒன்றே. எதையும் கழற்றாமல் பார்க்கக்கூடிய சோதனை முதலில் செய்யப்பட்டது: இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் இணைக்கப்பட்டது. முள் பாதரசக் கணக்கில் 18 அங்குலத்தை ஒட்டி நின்றது. கடல்மட்டத்தை ஒட்டிய உயரங்களில் 17 முதல் 21 வரை நல்ல அளவு என்பதால் அதில் குறையில்லை. ஆனால் சீரான இடைவெளியில் அது ஒரு துள்ளல் கீழே விழுந்து எழுந்தது. இன்டேக் லீக் இருந்தால் முள் தாழ்ந்து நிலையாக நிற்கும்; ஒழுங்கான தாளத்தில் துள்ளினால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரின் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்.

கம்ப்ரஷன் சோதனையை முதலில் குளிர்ந்த எஞ்சினில் செய்ததும் பயனுள்ளதாயிற்று. நான்கு பிளக்குகளும் கழற்றப்பட்டு, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டு, த்ராட்டில் முழுதும் திறந்த நிலையில் கிடைத்த அளவுகள் வரிசையாக 12.4, 12.5, 11.6, 12.4 பார். மிகக் குறைந்த அளவு மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. அந்த வரம்பின்படி மூன்றாம் சிலிண்டர் தாராளமாகத் தேறிவிட்டது. சூடான எஞ்சினில் அதே சோதனையைச் செய்தபோது மற்ற மூன்றும் 12.7-ஐ ஒட்டி நிற்க, மூன்று மட்டும் 9.3 பாருக்கு இறங்கியது. 75 சதவீதத்துக்கும் கீழே. பிளக் துளை வழியே சிறிதளவு ஆயில் விட்டுச் சோதித்தபோது அது 9.6-ஐத் தாண்டவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக உயர்ந்திருக்கும். பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி கசிவை அளக்கும் லீக் டவுன் கருவியால் காற்றைச் செலுத்தியபோது கால்பங்குக்கு மேல் கசிந்தது; சைலென்சர் குழாயில் காது வைத்தால் சீறல் தெளிவாகக் கேட்டது. எக்ஸாஸ்ட் வால்வு, சூடேறிய பின் முழுதாக மூடவில்லை.

சூட்டில் வால்வின் தண்டு நீளும். அந்த நீட்சிக்கு இடம் விடுவதற்காகத்தான் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே டாப்பெட் இடைவெளி வைக்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் வால்வின் முகமும், அது மூடும்போது அமரும் சீட்டும் ஒன்றையொன்று தேய்க்கும்போது வால்வு சிலிண்டர் ஹெட்டுக்குள் ஏறி, தண்டின் நுனி ராக்கரை நெருங்குகிறது. இடைவெளி படிப்படியாகக் குறைகிறது. எரிவாயுவில் ஓடும் வண்டிகளில் இது இன்னும் விரைவாக நிகழும். பழங்காலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயம் சீட்டுகளைத் தேய்மானத்திலிருந்து ஓரளவு காத்தது. 2021-இல் உலகில் எங்குமே கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்கப்படாத நிலை வந்துவிட்டது, அதற்கு வெகு காலம் முன்பே கடினப்படுத்திய சீட்டுகள் வழக்கத்துக்கு வந்துவிட்டன. தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள எஞ்சின்களில் இக்குறை இந்த வடிவில் வருவதில்லை.

இடைவெளி கூடிப்போன டாப்பெட் தட்டும். உரிமையாளர் உடனே பட்டறைக்கு ஓடிவருவார். இறுகிப்போன டாப்பெட் சத்தமே போடாது. எஞ்சின் முன்பைவிட அமைதியாக ஓடுவதாகக்கூடத் தோன்றும். பழைய வண்டிகளில் பராமரிப்பு அட்டவணையிலுள்ள டாப்பெட் செட்டிங்கை, சத்தம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிப்போடுவதை அடிக்கடி பார்க்கிறேன்; இரண்டில் ஆபத்தானது இறுக்கமே. எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீட்டில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் கழிக்கிறது. அமர முடியாத வால்வு மேலும் சூடாகி, மேலும் நீண்டு, கடைசியில் விளிம்பு எரிந்து போகும்.

வேகத்தில் குறை ஏன் தெரிவதில்லை என்பதற்கும் இதே இடத்தில் விடை இருக்கிறது. 800 ஆர்.பி.எம்.மில் ஒரு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் 37.5 மில்லிவிநாடி நீடிக்கிறது. 2,500-இல் அது 12 மில்லிவிநாடியாகச் சுருங்குகிறது. கசிவதற்குக் கிடைக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலும், ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் அழுத்தம் வளிமண்டலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சிலிண்டருக்குள் வருவதே கொஞ்சம், அதிலும் முந்தைய சுற்றின் எரிந்த வாயு கணிசமாகக் கலந்திருக்கும். அவ்வளவு மெல்லிய கலவையில் இன்னும் சிறிது கசிந்தால், பொறி விழுந்தும் தீ பரவாமல் அணைந்துவிடுகிறது. இழுவையில் குறையில்லை என்ற உரிமையாளரின் சொல் முற்றிலும் உண்மை. அது கம்ப்ரஷன் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

அளந்ததும் சரிசெய்ததும்

எஞ்சின் இரவு முழுதும் குளிர்ந்த பிறகு ஹெட் கவர் திறக்கப்பட்டது. இந்த எஞ்சினுக்குரிய குளிர்ந்த நிலை அளவு, இன்டேக்கில் 0.18 முதல் 0.22 மி.மீ. வரை, எக்ஸாஸ்டில் 0.23 முதல் 0.27 மி.மீ. வரை. எரியும் வரிசையான 1-3-4-2 என்ற முறையில் கிராங்க் ஷாஃப்ட்டை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு பிஸ்டனும் கம்ப்ரஷனின் மேல்நிலையில் இருக்கும்போது ஃபீலர் கேஜால் அளக்கப்பட்டது. இன்டேக் வால்வுகள் அனைத்தும் வரம்புக்குள் அல்லது வரம்பை ஒட்டியே இருந்தன. எக்ஸாஸ்ட் வால்வுகள் எல்லாமே இறுகியிருந்தன, பெரும்பாலானவை 0.15-க்கும் 0.20-க்கும் இடையில். மூன்றாம் சிலிண்டரின் ஒரு வால்வு 0.08, மற்றொன்றில் 0.04 மி.மீ. தகடுகூட நுழையவில்லை.

எல்லா எக்ஸாஸ்ட் வால்வுகளும் 0.25-க்கு வைக்கப்பட்டன. லாக் நட்டை இறுக்கும்போது திருகு சற்று உடன் திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பிறகு ஒவ்வொன்றையும் மறுபடி அளப்பது கட்டாயம். சூடான கம்ப்ரஷன் மூன்றாம் சிலிண்டரில் 12.1 பாருக்கு ஏறியது. மற்றவற்றின் 12.7-ஐ அது எட்டவில்லை. லீக் டவுனிலும் அது மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே கசிந்தது. வால்வு விளிம்பு ஏற்கெனவே கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆயினும் வேக்குவம் முள் துள்ளாமல் நின்றது. கடும் சூட்டில் நீண்ட நேரம் ஐடிலிங்கில் விட்டும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை சுழியத்திலேயே இருந்தது. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள ஆக்சிஜன் சென்சாரின் அளவு நிலையாக இருந்ததால் கன்வெர்ட்டர் தப்பித்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஹெட்டைக் கழற்றி வால்வையும் சீட்டையும் கிரைண்ட் செய்துவிடலாமே என்று உரிமையாளர் கேட்டார். 12.1 பார் கம்ப்ரஷனோடு, குறையின்றி ஓடும் எஞ்சினில் அந்த வேலையை உடனே செய்ய நியாயம் இல்லை என்று சொல்லி, 10,000 கிலோமீட்டருக்குப் பின் மறுபடி அளக்கலாம் என்று முடிவாயிற்று. அவ்வாறு அளந்தபோது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுகள் 0.23, 0.24 என்று இருந்தன. சூடான கம்ப்ரஷனில் மாற்றமில்லை. குறியீடுகள் எதுவும் திரும்பவில்லை. இந்தத் தேய்மான வேகத்தில் அடுத்த அளவீட்டை இன்னும் 20,000 கிலோமீட்டர் கழித்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதற்குள் சூடான ஐடிலிங்கில் உதறல் திரும்பினாலோ, இடைவெளி 0.15-க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, அப்போது திருகைச் சரிசெய்வதோடு நிறுத்தாமல் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று காரின் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதி வைக்கப்பட்டுள்ளது.